கல்லுக்குக் கிழக்கே எட்டடி

வாரத்தில் மூன்று நாள் ஷரீஃபுன்னிசாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. டயாலிசிஸ் செய்யும் இடம் தண்டையார்பேட்டையில். ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆட்டோ சந்துக்குள் வராது.

ராயபுரத்தில் அந்தச் சந்துக்கு ஒரே வாய்தான். மறுமுனையில் கிடங்கின் சுவர். சுவரை ஒட்டிய கடைசி வீடு அவள் கணவர் ஹுமாயூனுடையது. உள்ளே சந்து அகலம். வாய்தான் குறுகல். வாயில் ஒரு கல் நின்றது. ஆளைவிட ஒரு முழம் உயரம். நாலு பக்கமும் பட்டையாகச் செதுக்கி உச்சியைக் கூம்பாக முடித்திருந்தார்கள். கல்லுக்கு மேற்கே ஒன்றரை அடியில் சிலுவைமுத்துவின் வீட்டுச் சுவர். கிழக்கே நாலடியில் ஹுமாயூனின் கடை. காசிமேட்டுப் படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்கிற கடை. கல்லுக்கும் கடைக்கும் நடுவே ஸ்கூட்டர் போகும். மீன் கூடை போகும். சவப்பெட்டியும் மய்யத்துச் சந்தூக்கும் சாய்த்துப் பிடித்தால் போகும். ஆட்டோ போகாது.

கடையில் சுமை தூக்கும் வசீமும் வேம்புவும் அவளைத் தூக்கினார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. வழியில் பதினாலு வீடு. பதினாலு வாசலிலும் யாராவது இருந்தார்கள். இன்றைக்கு ஊசி நாளா என்று கேட்டார்கள். முதல் மாதம் எல்லாருக்கும் பதில் சொன்னாள். பிறகு தலையாட்டினாள். பிறகு துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் கேட்டார்கள்.

ஆடி மாத மழையில் வேம்புவுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து அவள் மணிக்கட்டு முறிந்தது. ஐப்பசியில் ஒரு காலை அவளுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் ரோட்டில் நின்றது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாக்கடை மூடியில் சக்கரம் மாட்டியது. எடுத்துவிட்டார்கள். அடுத்த மூடியில் மாட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்றார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அடுத்த தடவை வண்டி வாசலுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கல்லை எடுத்தாக வேண்டும் என்பது ஹுமாயூனுக்கு இரண்டு வருஷத்து முடிவு. அன்றைக்குப் பிறகு வேறு எதையும் யோசிக்க முடியாமல் போனது.

அது என்ன கல் என்பதில் சந்துக்குள் ஒத்த கருத்து இல்லை.

சிலுவைமுத்து அதைக் கப்பித்தான் கல் என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். புயலில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் உடைந்தது. அதன் கப்பித்தான் இந்தத் தெருப் படகுக்காரர்கள் பதினோரு பேரைக் கரை சேர்த்துவிட்டுச் செத்தான். எலும்பு கல்லுக்குக் கீழே இருக்கிறது. இதை அவருக்கு அவர் தாத்தா சொன்னார். தாத்தாவுக்கு யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வரும். ஒவ்வொரு வருஷமும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சுண்ணாம்பில் நீலம் கலந்து கல்லுக்கு அடிப்பார். அவருக்கு முன் அவர் அப்பா அடித்தார். அதற்கு முன் தாத்தா. பவனி அன்று சின்னச் சப்பரம் கல்லுக்கு முன் நிற்கும். தூக்குகிறவர்கள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, சப்பரத்தைச் சாய்த்து நாலடிக்குள் நுழைத்து எடுப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கல்லை எடுத்துவிட்டால் எதற்காகச் சாய்ப்பது என்பது சிலுவைமுத்துவின் கேள்வி.

ஹுமாயூனின் அத்தா வேறு சொல்லியிருந்தார். கூலிகளைக் கட்டிவைத்து அடித்த கல் அது. அடித்தவன் பெயர் எழுதுவானா? அதனால்தான் மொட்டைக் கல்லாக நிற்கிறது. விம்கோ நகர்ப் பக்கம் சங்கம் நடத்திய ஒருவர், வேலைநிறுத்தத்தில் செத்தவர்களின் கல் என்று சொல்லி ஒரு மே தினத்தில் சிவப்பு அடித்தார். அடுத்த திருவிழாவில் அது வெள்ளையானது. மணலிக்கு டேங்கர் ஓட்டும் நெல்சன் அடியில் புதையல் இருக்கிறது என்றான். கல் யாரையும் மறுக்கவில்லை.

ஹுமாயூன் அலுவலகம் அலுவலகமாக ஏறினார். கடலைப் பார்த்த அலுவலகத்தில், கல் கரையில் இருக்கிறது, எங்களுடையது இல்லை என்றார்கள். தண்டவாளத்தைப் பார்த்த அலுவலகத்தில், கல் தண்டவாளத்தில் இல்லை என்றார்கள். பழைய கற்களைப் பட்டியல் போடும் அலுவலகத்தில் பட்டியலைப் புரட்டி, இப்படி ஒரு கல் கிடையாது என்றார்கள். இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். பட்டியலில் இல்லாததை வந்து பார்க்க முடியாது என்றார்கள். அப்படியானால் எடுத்துவிடலாமா என்று கேட்டார். பழைய கல்லை எடுக்க அனுமதி வேண்டும் என்றார்கள். யாருடைய அனுமதி? கல் யாருடையதோ அவர்களுடையது.

போட்டோ இணைத்துப் பதினேழு மனு கொடுத்தார். எல்லா மனுவிலும் நாலடி என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். இரண்டு மனுவுக்குப் பதில் வந்தது. ஒன்றில் வேறு யாருடைய தண்ணீர்க் குழாயைப் பற்றியோ எழுதியிருந்தது.

பதினெட்டாவது மனு அசோகனிடம் போனது. ரோடும் சாக்கடையும் பார்க்கிற பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். வந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். கல்லை ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் முட்டியால் தட்டினார். சுண்ணாம்பு ஒரு அங்குலத்துக்கு மேல் ஏறியிருக்கிறது என்றார்.

அவர் சொன்னது எளிமையாக இருந்தது. கல்லில் எழுத்து இருந்தால் அது நினைவுச் சின்னம். மேலிடத்துக்கு எழுத வேண்டும், பதில் வரப் பத்து வருஷம் ஆகும், அதற்குள் அவரே ஓய்வு பெற்றுவிடுவார். எழுத்து இல்லாவிட்டால் அது ரோட்டில் கிடக்கிற கல். அவர் கையெழுத்தே போதும். ஒரு கிரேன், அரை நாள். ஆகவே சுரண்டிப் பார்க்க வேண்டும்.

ஹுமாயூனுக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கியது. பிறந்ததிலிருந்து பார்த்த கல். அதில் சுண்ணாம்பைத் தவிர எதுவும் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சிலுவைமுத்து சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். அவரும் உடனே சம்மதித்தார். கப்பித்தான் பெயர் கல்லில் இருக்கிறது என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை.

"சொரண்டு பாய்," என்றார் சிலுவைமுத்து. "பேரு வெளிய வரட்டும். ரெண்டு வருசமா அந்த மன்சன கல்லு கல்லுன்னுகினு கீற."

"இல்லாத பேரு எப்டி நைனா வெளிய வரும்?"

"உங்கத்தா கத வுட்டாரு. நீ நம்பிகினே."

"உன் தாத்தா மட்டும் கப்பல்ல கூட வந்தாரா?"

அசோகன் இருவரிடமும் ஒரு தாளில் எழுதி வாங்கினார். கல்லை எங்கள் முன்னிலையில் சுரண்டிப் பார்த்து, தெரிய வருவதன்படி வழியைச் சீர் செய்து கொடுக்க வேண்டுகிறோம். ஹுமாயூன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு மனு எழுதியவருக்கு மனு படிக்கிற பொறுமை போயிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுரண்டினார்கள். வசீம் கையில் பட்டி பார்க்கிற தகடு. சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தது. வெள்ளை, நீலம் தட்டிய வெள்ளை, மறுபடி வெள்ளை. ஒரு இடத்தில் சிவப்பு. ஒரு தேர்தலின் பச்சை. அதற்குக் கீழே மறுபடி வெள்ளை. சந்தே கூடி நின்றது. நெல்சன் டேங்கருக்குப் போகாமல் நின்றான். மேற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வடக்கில் இல்லை. தெற்கில் இல்லை. ஹுமாயூன் அசோகனைப் பார்த்து கிரேன் எப்போது வரும் என்று கேட்டார்.

கிழக்குப் பக்கத்தில் எழுத்து இருந்தது.

சிலுவைமுத்து செருப்பைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார். ஹுமாயூன் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷம் என்று அவருக்குள் ஓடியது. அவளுக்குப் பத்து வருஷம் கிடையாது.

சிலுவைமுத்துவின் மகள் ஆன்சி திருவொற்றியூரில் தமிழ் வாத்தியார். அவளைக் கூப்பிட்டார்கள். ஈரத் துணியால் கல்லைத் துடைத்து, விரலை வரியில் வைத்துக்கொண்டு படித்தாள். பழைய எழுத்து, இரண்டு மூன்று இடத்தில் நின்றாள். பிறகு முதலிலிருந்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"1861 வருஷம். இந்தத் தெருக் குடிகள் நிறுத்தினது. பேதி கண்ட காலத்தில் வழி அடைபட்டு வீட்டுக்குள்ளே மாண்டவர்களுக்காக. இந்தக் கல்லுக்குக் கிழக்கே எட்டடி வியாதிக்காரருக்கும் பிரேதத்துக்கும் விட்ட வழி. இதில் ஒருவரும் வேலி, கொட்டகை, சரக்கு வைக்கலாகாது."

சிலுவைமுத்து, மேலே படி என்றார்.

அவ்வளவுதான் என்றாள் ஆன்சி.

"கப்பித்தானு?"

"இல்லப்பா."

"கீய இருக்கும் பாரு. மண்ணுக்குள்ள."

வசீம் அடியில் ஒரு அடி தோண்டினான். கல்லின் கால் சொரசொரப்பாக, செதுக்காமல் இருந்தது. சிலுவைமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாப்பத்தோரு வருஷம் சுண்ணாம்பு அடித்தேன் என்றார். யாருக்கு என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார். தெரு ஆள் நிறுத்திய கல்லுக்கு எவனாவது ஜெபம் சொல்லுவானா என்று கேட்டுவிட்டு, ஏதோ ஆன்சிதான் அதை எழுதியது போல அவளை முறைத்தார்.

ஹுமாயூன் எழுந்து நின்றிருந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. கல்லே சொல்கிறது, வழி விட வேண்டும் என்று சொல்கிறது, வியாதிக்காரருக்கு என்று சொல்கிறது, இதைவிட என்ன மனு வேண்டும் என்று அசோகனிடம் வேகமாகச் சொன்னார். கல்லைக் கல்லின் பேச்சைக் கேட்டே எடுத்துவிடலாம் என்றார்.

அசோகன் குனிந்து கல்லின் கிழக்கு ஓரத்தைத் தொட்டார்.

"பாய், இந்தக் கல்லு வழில நிக்கல. வழியோட ஓரத்துல நிக்குது."

பையிலிருந்து டேப்பை எடுத்தார். முனையைக் கல்லின் கிழக்குப் பக்கத்தில் வைத்து வசீமைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தார். நாலடியில் கடையின் ஷட்டர் வந்தது. தூக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். நைலான் கயிற்றுச் சுருள்களைத் தாண்டினார். தொங்கிய மிதவைகளைத் தாண்டினார். எட்டடி, ஹுமாயூன் உட்காரும் மேசையின் பின் ஓரத்தில் முடிந்தது. சாக்கட்டி கேட்டார். சாக்கட்டி இல்லை. உடைந்த சுண்ணாம்புத் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் கோடு இழுத்தார்.

சந்து முழுக்க அந்தக் கோட்டைப் பார்த்தது. அதைப் பார்க்காதவர் ஹுமாயூன் ஒருவர்தான்.

அவர் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை. அவர் அத்தா கடைக்கு முன்னால் வெயிலுக்கு ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கினார். சாய்ப்பு காற்றில் ஆடியதால் இரண்டு சவுக்குக் கால் நட்டார். மழைத் தண்ணீர் நின்றதால் கால்களுக்கு நடுவே சிமெண்ட் போட்டார். சிமெண்ட்டில் நாய் படுத்ததால் தட்டி கட்டினார். தட்டி இற்றுப்போன வருஷம் ஹுமாயூன் ஷட்டர் வைத்தார். மகன் ஃபர்ஹான் பிறந்த வருஷம் அது. நாலடி வருவதற்கு நாற்பது வருஷம் ஆனது. கல் மட்டும் அந்த இடத்திலேயே நின்றது. ஒரு நாள் பார்த்தபோது அது வழியை மறித்துக்கொண்டிருந்தது.

பதினெட்டு மனுவிலும் அவர் அளந்து எழுதிய நாலடி சரியான அளவுதான். எங்கிருந்து எது வரை என்பதை யாரும் கேட்கவில்லை.

அசோகன் டேப்பைச் சுற்றினார். கல்லை இனி ஒரு விரல்கூட நகர்த்த முடியாது என்றார். எழுத்து இருக்கிறது, வருஷம் இருக்கிறது, மேலே எழுதியாக வேண்டும். கடை விஷயம் தனி. கையெழுத்துப் போட்ட தாளில் தெரிய வருவதன்படி என்று இருக்கிறது. அதையும் மேலே அனுப்பினால் நோட்டீஸ் வரும்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். தான் கெட்டவன் இல்லை என்றார். கடைக்காரன் வயிற்றில் அடிக்கத் தனக்கும் விருப்பம் இல்லை. இப்போது ரோட்டுக்கு அப்பால் போய் டீ குடிக்கப் போகிறார். அரை மணி ஆகும். திரும்பி வரும்போது கல் முன்னைப் போல வெள்ளையாக இருந்தால், ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற பழக்கம் தனக்கு இல்லை. தாள் ஒரு தாள்தான். அதற்கு நகலும் கிடையாது.

அவர் போனதும் சிலுவைமுத்து வீட்டுக்குள் போய்ப் பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்தார். திருவிழாவுக்கு நீற்றி வைத்த சுண்ணாம்பு இருந்தது. நீலம் கலக்கினார். ஒரு பூச்சில் எழுத்து மறையாது, மூன்று பூச்சு வேண்டும் என்றார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

ஹுமாயூன் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். எதற்கு நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பதினாலு வாசலிலும் ஆள் இல்லை. எல்லாரும் கல்லடியில் நின்றார்கள்.

ஷரீஃபுன்னிசா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஹுமாயூன் தண்ணீர் குடித்தார். கல்லில் ஏதோ கிறுக்கியிருக்கிறது, ஒன்றும் தெளிவாக இல்லை என்றார்.

"எட்டடின்னு எயுதிகீதாமே," என்றாள்.

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சந்தில் அதைக் கேட்பதில் அர்த்தம் இல்லை.

எழுதியவன் எவனோ, எந்தக் காலத்திலோ, என்றார். அன்றைக்கு இங்கே கடை ஏது, கரண்டு ஏது என்றார். நாலடி போனால் சுருளை எங்கே வைப்பது, வாடிக்கைக்காரன் எங்கே நிற்பது என்றார். பழைய கல்லைக் கும்பிடுகிறவன் கும்பிடட்டும், உயிரோடு இருக்கிறவன் பிழைக்க வேண்டாமா என்றார். பேசப் பேச அவர் குரல் ஏறியது. எட்டு அடி எதற்கு, ஏழு போதாதா, எவன் அளந்தான் என்று கேட்டார். அவள், முடியட்டும் என்று இருந்தாள்.

"எவனோ இல்லீங்க," என்றாள். "இங்க இருந்தவங்கதான். வூட்டுக்குள்ள ஆள வெச்சிகினு, வெளிய எட்த்துனு போவ வயி இல்லாம பாத்துகினே இருந்தவங்க. ஐப்பசில நீங்கோ எப்டி நின்னீங்கோ? அப்டி நின்னவங்கதான் எயுதிகீறாங்கோ."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா நானும் அந்தக் கல்லத் திட்னேன். நாக்காலில போவ சொல்லோ மனசுல அத்தத் திட்டாத நாளு இல்ல. ஒங்களயும் சொல்லல. எனுக்கும் தெர்ல. தெரியாத வரிக்கும் சரி. இப்ப தெரிஞ்சிட்சி."

"இன்னா செய்ய சொல்ற?"

"ஒண்ணும் செய்ய வாணாம். நாக்காலியே போதும் எனுக்கு. ஆனா அத்த மறுக்கா சுண்ணாம்பு அட்சி மூட்னீங்கோன்னா, திங்கக்கெயம நான் வர மாட்டேன். வசீம அனுப்பாதீங்கோ."

"பைத்தியமா உனுக்கு? போவாம எத்தினி நாளு இருப்ப?"

"டாக்டரு சொல்லிகீறாரு. பத்து நாளு."

அதை அவள் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். ஹுமாயூன் வாயைத் திறந்தார். இந்த வீட்டில் தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்றார். கல்லும் கேட்கவில்லை, ஆபீஸும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே என்றார். கதவை இழுத்து அடித்துவிட்டு வெளியே வந்தார். கதவு மோதித் திரும்பத் திறந்தது.

கல்லடியில் சிலுவைமுத்து சுண்ணாம்பு மட்டையை வாளியில் முக்கியிருந்தார். முதல் வரி பாதி மறைந்திருந்தது.

"நைனா, கீய வையி."

"இன்னா பாய்?"

"கீய வையின்னு சொல்றேன்."

சிலுவைமுத்து வைக்கவில்லை. யோசித்துப் பேசு என்றார். மூன்று பூச்சு அடித்தால் உன் கடையும் நிற்கும், என் கப்பித்தானும் நிற்பார், அசோகன் சாருக்கும் எழுத்து வேலை இல்லை, மூணு பேருக்கும் நல்லது, இதில் உனக்கு என்ன பேஜாரு என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

"எம் பொண்டாட்டி வூட்டாண்ட வண்டி ஏறணும்," என்றார் ஹுமாயூன்.

துண்டோ துணியோ அகப்படவில்லை. சட்டைக் கையை இழுத்து, முழங்கையால் முதல் வரியைத் துடைத்தார். சட்டை நீலமானது. சிலுவைமுத்து மட்டையை வாளியில் போட்டார். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஆன்சி வெளியே நின்றுவிட்டாள். தட்டினாள். அவர் திறக்கவில்லை.

அசோகன் அரை மணிக்குப் பதில் முக்கால் மணி எடுத்துக்கொண்டு வந்தார். கல்லைப் பார்த்தார். ஹுமாயூனின் சட்டையைப் பார்த்தார். தாளை மேலே அனுப்பச் சொன்னார் ஹுமாயூன். நோட்டீஸ் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ஆறு மாதம், எட்டு மாதம் என்றார் அசோகன். அதற்கும் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

"வாணாம் சார். நானே இட்ச்சிக்கிறேன். எவனயும் கேக்காதீங்கோ."

சொந்தக் கடையை இடிக்கவும் அனுமதி வேண்டுமோ என்று அசோகனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஹுமாயூன் அவரை அப்படியே விட்டுவிட்டுக் கடப்பாரை எடுக்கப் போனார்.

சனி மதியம் ஆரம்பித்தார்கள். ஷட்டர் கடைசி வரை கழலவில்லை. உப்புக் காற்றில் ஆணி எல்லாம் துருவேறி ஒன்றாகியிருந்தது. இரும்பு வெட்டுகிறவனை வரவழைத்து வெட்டினார்கள். சிமெண்ட் தரைக்குக் கீழே சவுக்குக் காலின் இரண்டு முளை இருந்தது. அதற்குக் கீழே பழைய கப்பிக்கல் ரோடு இருந்தது. வேம்பு அதன் மேல் நின்று குதித்துப் பார்த்து, வண்டி தாங்கும் என்றான். கயிற்றுச் சுருள்களை வீட்டுக் கூடத்தில் அடுக்கினார்கள். மீதியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். வீடு முழுக்கத் தார் வாசம். ஷரீஃபுன்னிசா இருமினாள்.

ஞாயிறு சாயங்காலம் கடை எட்டடி ஆழத்துக்குச் சுருங்கி, முன்னால் ஒரு தார்ப்பாய் தொங்கியது. அந்த நாலடியும் முந்தின நாலடியும் சேர்ந்து எட்டடி வெறுமையாகக் கிடந்தது. ஹுமாயூன் இரண்டு தடவை அளந்தார். ஒரு அங்குலம் அதிகம் இடித்திருந்தார்கள். அதற்கும் எரிச்சல் வந்தது.

திங்கள் காலை ஆறு மணிக்கு ஆட்டோ சந்துக்குள் வந்தது. கல்லைத் தாண்டும்போது டிரைவர் கண்ணாடியை மடக்கினான். மடக்கத் தேவையிருக்கவில்லை. கடைசி வீட்டு வாசலில் நின்றது. ஷரீஃபுன்னிசா வாசற்படியிலிருந்து மூன்று எட்டு நடந்து ஏறினாள். மூன்றாவது எட்டில் வசீம் கை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தச் சந்தை, முகத்தைத் திறந்துகொண்டு, வேகமாகக் கடந்தாள். யாருக்கும் கேள்வி கேட்க நேரம் கிடைக்கவில்லை.

திரும்பி வர மதியம் ஒரு மணி ஆனது. டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்குத் தலை நிற்காது. ஹுமாயூனின் தோளில் சாய்ந்திருந்தாள். ஆட்டோ சந்தின் வாயில் திரும்பி, நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

வெறுமையாக இருந்த இடத்தில் மூன்று பைக் நின்றது. அதற்கு அப்பால் யாரோ மீன் ஐஸ் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு பெண் கருவாடு காயப்போட்டிருந்தாள்.

ஹுமாயூன் இறங்கினார். யார் வண்டி என்று கத்தினார். பதினாலு வாசலிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். யாருடையதும் இல்லை. சிலுவைமுத்துவின் ஜன்னல் திறந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகத்தைக் காட்டினார்.

"எம் மருமவன் வண்டி ஒண்ணு கீது," என்றார். "இருந்தா இன்னா?"

"கல்லுல எயுதிகீது, படிக்கல?"

"படிச்சேன் பாய். வேலி வெக்காத, கொட்டாய் வெக்காத, சரக்கு வெக்காத. அவ்ளோதான். பைக்குன்னு எயுதல."

ஹுமாயூனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆட்டோவுக்குள் ஷரீஃபுன்னிசாவின் தலை கம்பியில் இடித்தது. அவர் முதல் பைக்கின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். அது கல்லைத் தாண்டி மேற்கே ஒன்றரை அடி இடுக்கில் போய்ச் சிலுவைமுத்துவின் சுவரில் சாய்ந்தது. சிலுவைமுத்து சுவர், சுவர் என்றார். இரண்டாவதையும் அங்கேயே தள்ளினார். கருவாட்டுக்காரி பெட்டியோடு தானே நகர்ந்தாள்.

மூன்றாவது பூட்டியிருந்தது. பின்சக்கரத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார். டிரைவர் ஆட்டோவை ஒரு அடி முன்னால் எடுத்தான். ஹுமாயூன் இன்னும் ஒரு அடி நகர்த்தினார். அவன் இன்னும் ஒரு அடி எடுத்தான்.